850 ரூபாய் மைக் ஆர்மும் அப்பத்தாவின் படிக்கல்லும்

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் 2021 டிசம்பரில் மாட்டிய மைக் ஆர்ம், அதாவது மேசை விளிம்பில் மாட்டி மைக்கைத் தாங்க வைக்கும் மடக்குக் கை, இன்னும் என் மேசையில்தான் நிற்கிறது. விலை 850 ரூபாய். அதற்குப் பிறகு போல்ட்டு, வாஷர், பலகைத் துண்டு, வெல்க்ரோ என்று போட்டது இன்னொரு 200 ரூபாய் இருக்கும். இடையில் ஒருமுறை கோபத்தில் பரணில் தூக்கிப் போட்டேன். இரண்டு மாதத்தில் நானே ஏணி போட்டு இறக்கினேன். "விலை கம்மியா ஒரு ஆர்ம் சொல்லுங்கண்ணே" என்று கேட்கிறவர்களுக்கு நான் உடனே ஒரு பெயரைச் சொல்லாமல் இழுப்பதற்குக் காரணம் இதுதான்.

என் பிழைப்பு குரல். ஆடித் தள்ளுபடி, புதுசாகத் திறக்கிற பிரியாணிக் கடை, வீட்டுமனை விற்பனை என்று ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போகிறதே, அதில் வருகிற குரல்களில் ஒன்று என்னுடையது. ராத்திரியில் பார்வையில்லாத கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடம் வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன். அதற்குக் காசு கிடையாது. ஆனால் மைக் ஆர்மின் வண்டவாளம் முழுக்கத் தெரிந்தது அந்த வேலையில்தான். ஆட்டோ விளம்பரம் 40 விநாடி. பாடம் வாசிப்பது ஒரு உட்காரலில் ஒரு மணி நேரம். 40 விநாடிக்கு அநேகமாக எந்த ஆர்மும் அசையாமல் நிற்கும்.

மைக் ஷூர் எஸ்எம்58. மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் குழுவைக் கலைத்தபோது கொடுத்தது. 1966இலிருந்து விற்பனையில் இருக்கிற மாடல், கச்சேரி மேடையில் பார்க்காதவர் இருக்க மாட்டீர்கள். முதலில் குட்டி மேசை ஸ்டாண்டில் வைத்துத்தான் வாசித்தேன். ஸ்டாண்டு உயரம் பத்தாது, குனிய வேண்டும். குனிந்தால் அடிவயிற்றிலிருந்து மூச்சு வராது, அரை மணியில் பிடரி வலிக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி கூடிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் நேராக வந்து சேரும் குரல் 6 டெசிபல் இறங்கும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியோ அப்படியே இருக்கும். கேட்கிறவர்களுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். நாலு விரல் தூரத்தில் மைக் வாய்க்கு நேராக வரவேண்டும், மடியில் புத்தகம் விரிக்க இடமும் வேண்டும். அதற்குத்தான் ஆர்ம்.

வாங்கும்போது நான் மைக்கைப் பார்த்தேனே தவிர மேசையைப் பார்க்கவில்லை. வீட்டில் இருந்தது தாத்தா காலத்துத் தேக்கு மேசை. மேல்பலகை ஒன்றேகால் அங்குலம்தான், ஆர்மின் கிளாம்பு (மேசை விளிம்பைக் கவ்வும் பிடி) 5 சென்டிமீட்டர் வரை விரியும் என்று போட்டிருந்தது. போதும் என்று நினைத்தேன். மேசைக்கு அடியில் விளிம்பை ஒட்டி மூன்று அங்குலச் சட்டம் ஓடுவதைக் கிளாம்பை வைத்துப் பார்க்கும்போதுதான் கவனித்தேன். கிளாம்பின் அடித்தட்டு உட்கார விளிம்பிலிருந்து உள்ளே இரண்டு அங்குலமாவது தட்டையாக இருக்க வேண்டும். ஆர்ம் வாங்கப் போகிறவர்கள் மேசைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அளவு டேப் அதற்கு அப்புறம்.

சரி என்று சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் மேசை வாங்கினேன். அது மரத்தூள் அட்டை. மூன்றாவது வாரமே கிளாம்பு அழுத்திய இடத்தில் மேல்தாள் வெடித்து, விளிம்பு பொரிந்துவிட்டது. பக்கத்துத் தெரு ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது பலகையே இல்ல, தூள அமுக்கி ஒட்டி வச்சிருக்கான். இம்புட்டுத் திருகுனா உதுராம என்ன செய்யும்?" என்றார். அவரே மேலும் கீழும் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு வேப்பம்பலகைத் துண்டு இழைத்துக் கொடுத்தார். கிளாம்பின் பிடி அந்தப் பலகை முழுவதும் பரவுகிறது, அட்டை தப்பித்தது. பலகைக்கும் மேசைக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்திருக்கிறேன். அது வழுக்காமல் இருப்பதற்கு மட்டுமில்லை. எங்கள் தெருவில் தறி ஓடும். அதிர்வு தரை வழியாக மேசைக்கும், மேசையிலிருந்து ஆர்முக்கும், ஆர்மிலிருந்து மைக்குக்கும் ஏறும். மேசையில் கட்டும் ஆர்மில் உள்ள பெரிய குறை இதுதான், யாரும் பெட்டியில் எழுதுவதில்லை. டியூப் பாதியைத்தான் தின்னும். மீதிக்கு, தறி நிற்கிற நேரத்தில் வாசிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது எடை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் ஒரு வருடம் நான் தப்பாகப் புரிந்துகொண்டு ஆர்மைத் திட்டியது இந்த விஷயத்தில்தான்.

இந்த இரட்டை மடிப்பு ஸ்பிரிங் கை மைக்குக்காகப் பிறந்ததில்லை. 1932இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் கார்வர்டைன் என்ற பொறியாளர் மேசை விளக்குக்காக இந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் வேலை பார்த்தது கார் சஸ்பென்ஷனில். விளக்கின் எடை கீழே இழுக்கும், ஸ்பிரிங் மேலே இழுக்கும், இரண்டும் சமமானால் எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். நட்டை இறுக்கவே வேண்டாம். கையை மடக்கி ஒரு செம்புத் தண்ணீரைப் பிடிப்பதற்கும் நீட்டிப் பிடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! எடை அதேதான், தோள் கழன்றுவிடும். ஆர்முக்கும் அதே கதை. முழுக்க நீட்டினால் மூட்டில் விழும் சுமை அதிகம். அந்தச் சுமையை ஸ்பிரிங்தான் தாங்க வேண்டும், நட்டு இல்லை.

என் ஆர்மின் பெட்டியில் 'ஒன்றரை கிலோ வரை தாங்கும்' என்று இருந்தது. நம் மைக் அவ்வளவு இல்லையே என்று நிம்மதியாக மாட்டினேன். பாடம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மைக் மெல்ல மெல்ல மேலே ஏறி மூக்குக்கு நேராக வந்து நின்றது. இறங்கும் என்று பயந்தவன், ஏறும் என்று நினைக்கவே இல்லை. எஸ்எம்58 மொத்தமே 298 கிராம். தெரு முனை மளிகைக் கடைத் தராசில் கிளிப், நுரை உறை, கேபிளின் தலை எல்லாவற்றோடும் வைத்துப் பார்த்தேன், 420 வந்தது. கடைக்கார அண்ணன், "எதுக்குத் தம்பி, கிலோ கணக்குல விக்கப் போறியா?" என்றார். என் ஸ்பிரிங் அதைவிடக் கனமான மைக்கை எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கிறது. நான் செய்தது என்ன? மூட்டு நட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். பிளாஸ்டிக் தலை வைத்த நட்டு. பதினான்காவது மாதம் மரை போய்விட்டது. அந்தக் கோபத்தில்தான் பரண்.

எத்தனை கிலோ தாங்கும் என்பது பாதிக் கணக்குத்தான், குறைந்தது எவ்வளவு மாட்ட வேண்டும் என்பது மீதிப் பாதி. விலை கூடிய ஆர்ம்களில் இதை நேர்மையாகச் சொல்வார்கள். ரோட் கம்பெனியின் பிஎஸ்ஏ1 ஆர்முக்கு 700 கிராமிலிருந்து 1.1 கிலோ வரை என்று போட்டிருப்பார்கள். அதாவது ஆயிரக்கணக்கில் கொடுத்து அதை வாங்கியிருந்தாலும் என் எஸ்எம்58 மேலேதான் ஏறியிருக்கும். அதற்கு அப்புறம் வந்த பிஎஸ்ஏ1+ தான் 94 கிராமிலிருந்து தாங்கும். ஷூர் எஸ்எம்7பி வைத்திருந்தால் அது மட்டுமே 766 கிராம், ப்ளூ யெட்டி மைக் என்றால் 550 கிராம். எதை மாட்டப் போகிறோம் என்று தெரியாமல் ஆர்மைப் பற்றிப் பேசுவது, மாப்பிள்ளையைப் பார்க்காமல் மோதிரம் அளவெடுப்பது போலத்தான்.

பரணிலிருந்து இறக்கியதும் முதலில் மேல்கையின் இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். பலர் செய்கிற வைத்தியம். ஏறுவது நின்றது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் இழுப்பதால் கை லேசாகத் திருகிக்கொண்டு, மைக் கோணல் பார்வை பார்த்தது. திரும்ப மாட்டிவிட்டேன். அப்புறம்தான் அப்பத்தாவின் ஞாபகம் வந்தது. கீழவாசல் பக்கம் காய்கறி விற்றவர். அவருடைய தராசு போய்விட்டது, படிக்கற்கள் மட்டும் ஒரு டப்பாவில் கிடந்தன. 200 கிராம் கல்லைத் துணியில் சுற்றி, மைக் கிளிப்புக்குப் பின்னால் வைத்துக் கட்டினேன். கை நின்றது. நட்டைத் தளர்த்தினாலும் நின்றது. ஒரு விரலால் தள்ளினால் போகிறது, விட்ட இடத்தில் இருக்கிறது. பார்க்க அசிங்கம்தான். வீடியோ எடுக்கிறவர்கள் கல்லுக்குக் கறுப்புத் துணி சுற்றிக்கொள்ளலாம்.

மரை போன நட்டுக்கு வழி ஹார்டுவேர் கடை. "அண்ணே, இதுல மரை கழண்டுருச்சு." "நட்டுலதானே?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். எம்6 போல்ட்டு, இரண்டு பக்கமும் வாஷர், நைலாக் நட்டு. நைலாக்கில் உள்ளே நைலான் வளையம் இருப்பதால் ஆர்ம் அசைய அசையத் தானாகக் கழன்று வராது. மூன்று மூட்டுக்கும் மாற்றினேன். கையால் திருகும் வசதி போனது, ஆனால் எடை சமமாக இருப்பதால் அடிக்கடி திருக வேண்டிய தேவையும் போனது.

மைக் கிளிப் மாட்டுகிற நுனியிலும் ஒரு மரைக் குழப்பம் உண்டு. மைக் உலகத்தில் இரண்டு அளவு ஓடுகிறது. எட்டில் ஐந்து அங்குலத் தடிமனில் அங்குலத்துக்கு 27 புரி, எட்டில் மூன்று அங்குலத்தில் 16 புரி. ஒன்றுக்கொன்று பொருந்தாது, நடுவில் ஒரு பித்தளை அட்டாப்டர் வேண்டும். பெரும்பாலும் ஆர்மோடோ மைக்கோடோ கூடவே வரும். வந்ததைத் தொலைத்துவிட்டு டவுன்ஹால் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கியவன் சொல்கிறேன், வந்த அன்றைக்கே மாட்டிவிடுங்கள்.

ஸ்பிரிங் சத்தம் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். உண்மைதான். ஆர்மில் நகம் பட்டால் 'டொய்ங்' என்று தம்புரா மாதிரி இழுக்கும், குரலுக்கு அடியில் பதிவாகும். அம்மாவின் கிழிந்த சுங்குடிச் சேலையில் நீளமாக நாலு துண்டு கிழித்து ஸ்பிரிங்குக்குள் திணித்தேன். பத்து நிமிட வேலை. அதோடு சரி.

கேபிளை முதலில் இன்சுலேஷன் டேப்பால் சுற்றியிருந்தேன். சித்திரை வெயிலில் மாடி அறையில் பசை உருகி, கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. வெல்க்ரோதான் சரி. மூட்டுக்கு மூட்டு கேபிளைக் கொஞ்சம் தொங்கலாக விட வேண்டும், இல்லாவிட்டால் கேபிளே ஒரு ஸ்பிரிங் ஆகி மைக்கைப் பின்னால் இழுக்கும்.

இந்த ஆர்மைக் கண்டபடி வேலை வாங்கியது 2024 ஏப்ரலில். 19ஆம் தேதி வாக்குப்பதிவு, 23ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்குகிறார். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் பிரச்சாரப் பதிவு, திருவிழாக் கடை விளம்பரம், மண்டகப்படி அறிவிப்பு என்று ராப்பகலாக ஓடியது. பதிவின்போது ஃபேன் போட முடியாது. ஒரு வாடிக்கையாளர் குரல் இன்னும் 'பளபள'ன்னு வேண்டும் என்று தன் கண்டென்சர் மைக்கைக் கொண்டுவந்தார். ஷாக் மவுண்டோடு, அதாவது அதிர்வைத் தடுக்கும் பிடியோடு, முக்கால் கிலோவைத் தாண்டியது. படிக்கல்லைக் கழற்றிவிட்டு மாட்டினேன். "வாக்காளப் பெருமக்களே" என்று ஆரம்பித்தேன், "உங்கள் பொன்னான" வருவதற்குள் மைக் கும்பிடு போடுவது போலத் தலையைக் குனிந்துவிட்டது. பெட்டியில் போட்ட ஒன்றரை கிலோ சும்மா கதை. 420 கிராமுக்கு ஏறியது, 750க்கு இறங்கியது. நடுவில் 600, 650 கிராம்தான் அதன் உண்மையான சொந்த எடை.

அதற்கப்புறம் சித்தப்பா மகன் 3,200 ரூபாய்க்கு வாங்கிய ஆர்மை இரண்டு மாதம் கடன் வாங்கி ஓட்டினேன். ஸ்பிரிங் குழாய்க்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, மூட்டெல்லாம் உலோகம், ஆலன் சாவியால் ஸ்பிரிங்கின் இழுவையைக் கூட்டிக் குறைக்கலாம். முக்கால் கிலோவும் நின்றது, 420 கிராமும் நின்றது. அசைத்தால் சத்தமே இல்லை. பேசிக்கொண்டே மைக்கைத் தள்ளி வைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கும், கனமான கண்டென்சர் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் சரி. 850 ரூபாய் வகையை வாங்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள். என் எஸ்எம்58 மாதிரி சாதாரண டைனமிக் மைக், ஒரே இடத்தில் உட்கார்ந்து வாசிப்பு என்றால், மிச்சம் 2,000 ரூபாயை ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கப் போடுவேன். பாம்பு மாதிரி வளைகிற கழுத்து ஸ்டாண்டை மட்டும் தொடவே தொடாதீர்கள். இடம் இருக்கிறவர்கள், மேசை ஆடும் என்றால், கச்சேரிக்காரர்கள் வைக்கிற தரை பூம் ஸ்டாண்டை யோசிக்கலாம். என் அறையில் அதன் மூன்று காலை விரித்தால் நான் வெளியே உட்கார வேண்டும்.

கடன் ஆர்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையதை மாட்டியபோது எனக்கு வருத்தம் இல்லை, கொஞ்சம் ஆச்சரியம்தான். சேலைத் துண்டும் கல்லும் வேப்பம்பலகையுமாக அது இப்போது எந்தக் கம்பெனி ஆர்மும் இல்லை. போன மாதம் கீழ்மூட்டில் லேசாக 'கிறீச்' கேட்டது. ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன், போய்விட்டது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று ஆர்மின் அடியிலேயே கயிற்றில் தொங்குகிறது. மாதம் ஒருமுறை கால் சுற்று.