நேர்முகப் பரீட்சையில் பொருந்தாத ஆளைக் கண்டுபிடிக்க: கதையா, கேள்வியா, கணக்குப் புத்தகமா?

“முகத்தைப் பார்த்தாலே எனக்கு ஆளைத் தெரியும்” என்பார் எங்கள் முதலாளி. கொழும்பு புறக்கோட்டையில் மொத்தக் கடை. கணக்கு, ஸ்டோர், பில் என்று ஆள் எடுக்கும் வேலை பல வருடமாக என் தலையில். முதலாளி முகம் பார்த்து எடுத்த ஒருவர், இரண்டு மாதம் வங்கிக் கூற்றை (பேங்க் ஸ்டேட்மென்ட்) திறந்துகூடப் பார்க்காமல் “சரி பார்த்தாச்சு” என்று கையெழுத்து வைத்தார். நேர்முகப் பரீட்சை அன்று அவரைப்போல இனிமையாகக் கதைத்தவர் வேறு யாருமில்லை.

சும்மா கதைத்துப் பார்ப்பதுதான் எங்களைப் போன்ற கடைகளில் வழக்கம். எந்த ஊர், முந்தி எங்கே வேலை, எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். செலவில்லை, சரி. ஆனால் ஆள் கழிபடுவது பெரும்பாலும் தப்பான காரணத்துக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, வெள்ளவத்தையில் தெரிந்தவர் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு ஒன்பது மணிக்கு வந்து உட்காரும் பொடியன் கொட்டாவி விட்டால் “ஆர்வமில்லை”. ஹட்டன் பிள்ளை தலை நிமிராமல் பதில் சொன்னால் “தைரியம் போதாது”. சிங்களம் தடுமாறினால் அவ்வளவுதான், வேலை முழுக்கப் பேரேட்டோடுதான் என்றாலும்.

அடுத்தது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, உடனுக்குடன் புள்ளி போடுவது. தேர்வில் வாங்கும் புள்ளியும் பிறகு வேலையில் தெரியும் திறமையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். முழுப் பொருத்தம் என்றால் 1. ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998இல் கொடுத்த கணக்கில் சும்மா கதைப்பதற்கு 0.38, ஒரே கேள்வி முறைக்கு 0.51, வேலை கொடுத்துப் பார்ப்பதற்கு 0.54. சாக்கெட் குழுவினர் 2022இல் திருத்திப் போட்ட கணக்கில் அவை 0.19, 0.42, 0.33. எதுவும் 1க்குக் கிட்டவும் இல்லை. இருந்தாலும் இரண்டு கணக்கிலும் கடைசியில் நிற்பது முதலாளியின் முறைதான்.

நான் விடாமல் கேட்கும் கேள்வி: “கடைசியாக விட்ட கணக்குப் பிழை என்ன, யார் கண்டுபிடித்தது?” பிழையே விட்டதில்லை என்பவரிடம் எனக்குப் பயம். உண்மையில் வேலை செய்தவருக்கு மாதமும் தொகையும் ஞாபகம் இருக்கும். “நாங்கள் செய்தோம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அதில் உங்கள் கைவேலை எது என்று கேட்பேன். இட்டுக்கட்டிய கதை அங்கே நின்றுவிடும். பழைய முதலாளியைத் திட்டுபவரை உடனே தள்ளிவிட மாட்டேன். திட்டு வாங்க வேண்டிய முதலாளிமாரும் நம் தெருவில் உண்டு. மூன்று இடத்திலும் மற்றவர்தான் பிழை என்றால்தான் யோசிப்பேன்.

கணக்கு வேலைக்கு என் விருப்பம் மூன்றாவது முறை, அதாவது வேலை கொடுத்துப் பார்ப்பது. பெயர்களை மறைத்த ஒரு பழைய மாதத்துப் பற்றுச்சீட்டுகளையும் வங்கிக் கூற்றையும் கொடுத்து அரை மணி நேரம் உட்கார வைப்போம். உள்ளே மூன்று பிழை வைத்திருப்போம்: திரும்பிய காசோலை ஒன்று, இரண்டு தரம் பதிந்த பில் ஒன்று, 5,400க்குப் பதில் 4,500. வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் பிரிபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று பழகிய கைக்குத் தெரியும். எல்லாவற்றையும் கண்டுபிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. பொருந்தாத தொகையை எங்காவது செருகி மொத்தத்தைச் சமன் காட்டுபவர்தான் வேண்டாம். உயர்தரம் முடித்த கையோடு வரும் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் அநியாயம். அவர்களுக்குக் கேள்விகளையே நம்புகிறேன். ‘பழகிப் பார்’ என்று ஒரு வாரம் சம்பளமில்லாமல் வேலை வாங்குவது பரீட்சையே அல்ல, சுரண்டல்.

பழைய இடத்துக்கு போன் பண்ணினால் எல்லோரும் நல்லவர்தான். “திரும்ப எடுப்பீர்களா?” என்று கேட்டால் வரும் மௌனம் மட்டும் பிரயோசனம்.

“ஆறு மாதம் வைத்துப் பார்ப்போம்” என்பார்கள் சிலர். அதற்குத்தான் அதிக செலவு. தகுதிகாண் காலம் என்றாலும் முதல் நாளிலிருந்தே சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3 சதவீதம் நாம் கட்ட வேண்டும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது: 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறெதற்கும், அவரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. ஆறு மாதம் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எண்ணுவது நல்லது.

இப்போது எங்கள் கடையில் இருபது நிமிடம் கேள்வி, அப்புறம் பற்றுச்சீட்டுக் கட்டு. புள்ளியை எழுதி வைத்த பிறகுதான் முதலாளியோடு தேநீர். போன தடவை அவர் “இந்தப் பிள்ளை சரிவராது, வாயே திறக்குதில்லை” என்றார். மூன்று பிழையையும் பிடித்து, நாங்கள் வைக்காத நாலாவது ஒன்றையும் காட்டியது அந்தப் பிள்ளைதான். வேலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. சத்தமாகக் கதைப்பதில்லை என்ற குறை முதலாளிக்கு இன்னும் போகவில்லை.