முருங்கப்பாக்கம் பட்டறை: அம்பாசடர் எஞ்சினை அளந்து பார்த்துப் பிரிக்கிற அண்ணன்

புதுச்சேரியில் மரப்பாலம் சிக்னல் தாண்டி, கடலூர் சாலையில் முருங்கப்பாக்கம் போகிற வழியில் பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு தகரக் கொட்டகை. பழைய பெட்ரோல் அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் எஞ்சினில் கை வைக்கும் முன் இங்கே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

எங்களுடையது மார்க் 4 அம்பாசடர், 1489 சிசி. ஆக்சிலேட்டரை மிதித்தால் நீலப் புகை, ஆயில் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று. ஒரு பட்டறையில் பார்த்த மாத்திரத்தில் "எஞ்சின் போச்சு, டீசல் எஞ்சின் தூக்கி வெச்சிடலாம்" என்றார்கள். இன்னொரு இடத்தில் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) மாற்றினால் போதும் என்றார்கள். இரண்டு இடத்திலும் அளந்து பார்க்கிற ஒரு கேஜைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

இந்த அண்ணன் எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, செல்ஃப் அடித்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று) பார்த்தார். மூன்றாவது சிலிண்டர் மட்டும் 70 பிஎஸ்ஐ, மற்றவை 110 பக்கம். அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அடித்ததும் முள் 100க்கு ஏறியது. "வால்வு லீக்குன்னா ஆயிலுக்கு அசையாது தம்பி, இது போரும் ரிங்கும்தான்." போர் என்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் துளை.

சிலிண்டருக்கு மேல்மூடியான ஹெட்டைத் தூக்கியதும் போரின் உள்பக்கம் கீழிருந்து மேலாக நகத்தால் வருடச் சொன்னார். விளிம்புக்குச் சற்று முன்பே நகம் தட்டி நின்றது. ரிங் தொடாத அந்த விளிம்பு மட்டும் தேயாமல் படியாக நிற்கிறது. வெடிக்கும் அழுத்தம் அதிகமாகவும் ஆயில் குறைவாகவும் இருப்பது மேலேதான் என்பதால் போர் அங்கேதான் அகன்றுபோகும், அதில் புது ரிங்கைப் போட்டால் மேலே போகும்போது விரிந்து கீழே வரும்போது சுருங்கி சரியாகப் படியவே படியாது, கொஞ்ச நாளில் பழையபடி புகைதான். அதனால் போரிங் செய்து (துளையைச் சீராக அகலமாக்கி) 20 ஓவர்சைஸ் பிஸ்டன், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு பெரியது; பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைக் கிரைண்டிங் செய்து (தேய்த்துச் சீராக்கி) அதே கணக்கில் 10 அண்டர்சைஸ் பேரிங். பிஸ்டன் செட் சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து வந்தது, கடை பில்லை அப்படியே கையில் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு ரிங்கையும் போருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) விட்டு ரிங் முனைகளின் இடைவெளி பார்த்த பிறகுதான் பிஸ்டனில் மாட்டினார்.

ஹெட் வேலையும் நன்று. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நாடு முழுக்க நின்றுவிட்டது. வால்வு சீட்டு (வால்வு வந்து அமரும் விளிம்பு) தேயாமல் காத்துவந்தது அந்த ஈயம்தான். அதனால் எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட்டு அடித்துத் தந்தார். நான் கேட்காமலே!

குறை இல்லாமல் இல்லை. சொன்ன தேதிக்கு வண்டி வராது. போரிங், கிரைண்டிங் மாதிரி லேத் வேலை வெளியே போவதால் அங்கே வரிசை இருந்தால் இவரும் காத்திருக்க வேண்டியதுதான், ஆனால் அதைப் போன் செய்து சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். கூலிக்கு பில் கிடையாது. இவ்வளவு பார்த்துச் செய்தவர் பழைய பெட்ரோல் ஹோஸையே திரும்ப மாட்டியிருந்தார். இப்போது வருகிற எத்தனால் 20 சதவீதப் பெட்ரோலுக்கு அந்தப் பழைய ரப்பர் தாங்காது. சொன்னதும் முகம் சுளிக்காமல் மாற்றினார், சரி.

மொத்தம் 50,000ஐத் தொட்டது. முதல் 500 கிலோமீட்டருக்கு ஒரே வேகத்தில் ஓட்டாதே, முடிந்ததும் ஆயில் மாற்ற வா, அப்போது ஹெட் போல்ட்டையும் மறுபடி டார்க் வைக்க (குறித்த அளவுக்கு முறுக்க) வேண்டும் என்றார். சிதம்பரம் வரை போய்வந்தாயிற்று, இதுவரை புகை இல்லை. போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் அவர் லேத்துக்குக் கிளம்பிவிடுவார், பையன்களிடம் கேட்டால் விலை சொல்லத் தெரியாது.