அக்காவின் கிட்னியா, கணையத்தோடு சேர்த்துக் காத்திருப்பதா?

டைப் 1 சர்க்கரை நோயோடு 28 வருடம் ஓட்டியபின் என் கிட்னி இரண்டும் கைவிட்டன. கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 11. டாக்டர் இரண்டு வழி சொன்னார். அக்கா தர முன்வந்த கிட்னியை இப்போதே வாங்கிக்கொள்வது ஒன்று. பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து கிட்னியும் கணையமும் சேர்ந்து வரும்வரை பொறுத்திருப்பது மற்றொன்று. நான் அக்காவின் கிட்னியை ஏற்றுக்கொண்டேன், ஐந்து வருடம் ஆகிறது. அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

கணையத்தோடு சேர்ந்த வழியின் பெருமை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கணையம் பிடித்துவிட்டால் இன்சுலின் வேண்டாம், லோ சுகர் பயம் வேண்டாம். இது புதிய வித்தையும் அல்ல. 1966 டிசம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கெல்லியும் லில்லஹையும் முதன்முதலாகக் கணையம் பொருத்தியபோதே கிட்னியையும் சேர்த்துத்தான் பொருத்தினார்கள். ஆனால் ஆபரேஷன் பெரியது. கணையத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் மெதுவானது என்பதால் முதல் சில நாட்களிலேயே அதன் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, உறுப்பையே எடுக்க வேண்டி வருவதும் உண்டு.

என் முடிவைத் தீர்மானித்தது டயாலிசிஸில் கழியும் காலம். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். 2002-இல் மேயர்-கிரிஷ்கேயும் கப்லானும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இறந்த ஒருவரின் இரண்டு கிட்னியும் இரண்டு பேருக்குப் போகும் அல்லவா? அப்படிப்பட்ட ஜோடிகளில், ஒருவர் ஆறு மாதத்துக்கும் குறைவாக டயாலிசிஸில் இருந்தவர், மற்றவர் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தவர் என்று 2405 ஜோடிகளைப் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர் ஒருவரேதான், கிட்னியின் தரத்தில் வித்தியாசம் இல்லை. பத்து வருடம் கழித்து, குறைவாகக் காத்திருந்தவர்களில் 63 சதவீதம் பேருக்குக் கிட்னி நிலைத்திருந்தது. நீண்ட நாள் காத்திருந்தவர்களிடம் அது 29 சதவீதம்தான். அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி மேஜை மேல் வைத்துக்கொண்டு இரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கணையம் எப்போது வரும் என்று யாராலும் தேதி சொல்ல முடியவில்லை. அக்காவின் கிட்னி என்றால், டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா போடுவதற்கு முன்பே ஆபரேஷன் முடிந்துவிடும்.

அக்காவிடம் சொன்னபோது, "ஊசி உனக்குப் பழகிப்போச்சுடா. டயாலிசிஸைப் பழகிக்க வேண்டாம்" என்றாள். அவளைப் பரிசோதிக்காமல் விட்டுவிடவில்லை. கூடப்பிறந்தவனுக்குச் சர்க்கரை நோய் என்பதால், குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்றும் பார்த்தார்கள். அதில் ஒரு சின்னச் சந்தேகம் வந்திருந்தாலும் நான் மறுத்திருப்பேன். இந்த வழியின் முழு விலையையும் கொடுத்தவள் அவள். உங்களுக்குத் தர முன்வருபவருக்கு எதிர்காலத்தில் சர்க்கரை நோய் வரக்கூடும் என்று டாக்டர் தயங்கினால், என் வாதம் உங்களுக்குப் பொருந்தாது.

புதுக் கிட்னி வேலை செய்ய ஆரம்பித்ததும் என் இன்சுலின் தேவை ஏறியது. 26 யூனிட் போட்டுக்கொண்டிருந்தவன் 50-ஐத் தாண்டினேன். இன்சுலினை உடலிலிருந்து வெளியேற்றுவதில் கிட்னிக்கும் பங்கு உண்டு. அது பழுதானால் இன்சுலின் அதிக நேரம் தங்கும், சரியானால் வேகமாகக் கழியும். போதாததற்கு, நிராகரிப்பைத் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸும் பிரெட்னிசோலோனும் சர்க்கரையை ஏற்றுகின்றன. பிரெட்னிசோலோன் காலையில் சாப்பிடுவதால் பகல் இரண்டு மணிக்கு மேல் உடலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சாரின் கோடு மலையேறும். கணையம் பெற்றவர்களுக்கு இந்தப் போராட்டம் இல்லை. அது உண்மையான இழப்புதான்.

"புதுக் கிட்னியையும் சர்க்கரை தின்றுவிடாதா?" என்று கேட்பவர்களுக்கு, 1998-இல் ஃபியோரெட்டோ குழுவினர் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவேன். கணையம் மட்டும் பொருத்தப்பட்ட எட்டு பேரின் சொந்தக் கிட்னியில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்தார்கள். கணையத்தால் சர்க்கரை சீரான பின்னும் ஐந்தாம் வருடம் பழைய சேதம் அப்படியே இருந்தது. பத்தாம் வருடம் அது பின்வாங்கியிருந்தது. எட்டே பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் சர்க்கரை கிட்னியைக் கெடுப்பதும், கெட்டது தேறுவதும் வருடக்கணக்கில் நடப்பவை என்பது அதில் தெரிகிறது. எனக்கோ டயாலிசிஸ் மாதக்கணக்கில் நெருங்கிக்கொண்டிருந்தது.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் ஐலெட் செல்களை மட்டும் கல்லீரலுக்குள் செலுத்தும் முறையையும் விசாரித்தேன். 2000-இல் கனடாவின் எட்மண்டனில் அதைப் பெற்ற ஏழு பேரும் இன்சுலினை விட்டார்கள் என்பது பெரிய செய்தி. பின்னர் பல நாடுகளில் 36 பேருக்குச் செய்தபோது, இரண்டாம் வருடத்தில் இன்சுலின் இல்லாமல் இருந்தவர்கள் 5 பேர்தான். 2025-இல் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த ஐலெட்டுகளால் 12 பேரில் 10 பேர் ஒரு வருட முடிவில் இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். நம்பிக்கை தருகிறது, ஆனாலும் ஆய்வுக்கட்டம்தான்.

கணையம் பெற்றவர்களோடு கிளினிக் வராந்தாவில் பேசியிருக்கிறேனே தவிர, அந்த வாழ்க்கையை நான் வாழவில்லை. தூக்கத்திலேயே லோ சுகரில் மயங்கி, அறிகுறியே தெரியாமல் போகிறவராக இருந்திருந்தால் என் கணக்கு மாறியிருக்கும். எனக்கு சென்சாரின் அலாரம் போதுமானதாக இருந்தது. என் தேர்வில் ஒரு குறையும் உண்டு. இரண்டு உறுப்பும் ஒரே ஆளிடமிருந்து வந்தால், நிராகரிப்பு தொடங்கும்போது, கிட்னியின் நிலையை ரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் ஏறி, கணையத்துக்கும் சேர்த்து எச்சரிக்கை தரும். பிற்பாடு வேறொருவரின் கணையத்தைப் பெற்றால் அந்தக் காவல் கிடைக்காது.

ஆனால் பிற்பாடு பெற முடியும். நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரைகளை ஏற்கெனவே சாப்பிடுகிறேன், கணையத்துக்கென்று அவற்றைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் சர்ஜன் என் அடிவயிற்றில் பேனாவால் குறியிட்டபோது இடது பக்கம் போட்டார். ஏன் என்று கேட்டேன். "வலது பக்கம் கணையத்துக்கு இருக்கட்டும்" என்றார். அந்தப் பக்கம் இன்னும் தழும்பு இல்லை. அடுத்த பரிசோதனையில் பட்டியலில் பெயர் கொடுப்பது பற்றிப் பேசப் போகிறேன்.