இலவசமாகக் கிடைக்கும் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற மென்பொருளுக்கு 'லைசென்ஸ்' என்று 12,000 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள். நெல்லைப் பக்கம் இருப்பவர்கள் கவனம்!

12,000 ரூபாய். அத்தனையும் என் கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகள் கட்டிய ஃபீஸ் பணம். இன்றைக்குத்தான் முழு விவரமும் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் 'போனால் போகட்டும்' என்று விட்டுவிடுவேன். நீங்கள் ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். பத்து சிஸ்டம், எல்லாவற்றிலும் விண்டோஸ். லினக்ஸ் சொல்லிக்கொடுப்பதற்காக ஒவ்வொன்றிலும் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டும் மென்பொருள்) போட்டு அதற்குள் டெபியன் என்ற லினக்ஸை ஏற்றியிருந்தேன். இப்படி உள்ளே ஓடுவதைத்தான் கெஸ்ட் என்பார்கள். அதுவரை நானே செய்துவிட்டேன். ஆனால் டெபியன் திரை 800-க்கு 600 என்று சின்னச் சதுரமாகவே நின்றது. விண்டோஸில் காப்பி செய்ததை டெபியனுக்குள் பேஸ்ட் பண்ண முடியவில்லை. பாடக் கோப்புகளை வைக்க ஒரு பொது ஃபோல்டர் வேண்டும், அதுவும் இல்லை. இதையெல்லாம் சரிசெய்வதுதான் கெஸ்ட் அடிஷன்ஸ். புது பேட்ச் தொடங்க நாள் நெருங்கிவிட்டது, உட்கார்ந்து பார்க்க எனக்கு நேரமில்லை. பாளையங்கோட்டையில் ஒரு சிஸ்டம் சர்வீஸ் கடையை ஒருவர் சொன்னார். பெயர் போடவில்லை.

கடைக்காரனே நேரில் வந்தான். பேச்சு அவ்வளவு இதமாக இருந்தது. முதல் சிஸ்டத்தை என் கண் முன்னாலேயே செய்தான். டெபியனை ரீபூட் செய்ததும் திரை மானிட்டர் முழுக்க விரிந்தது, மவுசால் ஜன்னலை இழுத்தால் திரையும் கூடவே நீண்டது. ஷேர்டு ஃபோல்டரைத் திறந்து என் பாடக் கோப்பையே எடுத்துக் காட்டினான். "பாத்தீயளா அண்ணாச்சி? இப்படியே பத்தும் வந்துரும். ஆனா கெஸ்ட் ஒண்ணுக்கு லைசென்ஸ் போடணும்லா, எழுநூறு ரூவா. பிள்ளைய படிக்கிற எடம், அதனால கொறச்சு வாங்கித் தாரேன்" என்றான். அந்த இடத்தில்தான் நம்பினேன். வேலை கண்ணுக்கு முன்னால் நடந்திருக்கிறது, பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறான், நம்பாமல் என்ன செய்வது? லைசென்ஸ் பத்துக்கு 7,000, சர்வீஸ் 5,000, ஆக மொத்தம் 12,000. அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன். கார்பன் வைத்த பில் புத்தகத்தில் 'கெஸ்ட் லைசென்ஸ் – 10' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். மிச்ச ஒன்பதையும் மளமளவென்று முடித்துவிட்டுக் கிளம்பினான்.

வகுப்பு தொடங்கியது. டெபியனில் நான் நடத்துகிற முதல் பாடமே அப்டேட் போடுவதுதான். பிள்ளைகள் போட்டார்கள். புது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இறங்கியது. ரீபூட் செய்தால் பத்துத் திரையும் பழையபடி சின்னச் சதுரம்! காப்பி பேஸ்ட் போய்விட்டது. அதற்கு முன்பே நான்கு சிஸ்டத்தில் ஷேர்டு ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும், திறந்தால் அனுமதி இல்லை என்று வரும்.

போன் போட்டேன். "சேரன்மாதேவில ஒரு வேலையா இருக்கேன், சாயங்காலம் வந்துருதேன்." வரவில்லை. அடுத்த முறை, "கடப்பையன அனுப்புதேன், நீங்க ஏன் கெடந்து கவலப்படுதீய?" பையனும் வரவில்லை. விடாமல் அடித்ததும் குரலே மாறிவிட்டது. "ஒங்கள யாரு அப்டேட் போடச் சொன்னா? அப்டேட் போட்டா லைசென்ஸ் கட் ஆயிரும். ரினீவல் போடணும், நாலாயிரம் ஆகும்." ஃபோல்டர் ஏன் திறக்கவில்லை என்று கேட்டால், "அது ஒங்க ஆன்டிவைரஸ் தடுக்கு, அதுக்குத் தனியா சார்ஜ்." 12,000 வாங்கியவன் இன்னும் 4,000 கேட்கிறான்!

என்னிடம் படித்துவிட்டு இப்போது சென்னையில் சர்வர் வேலை பார்க்கும் பையனிடம் பேசினேன். திரையைப் பகிரச் சொல்லிப் பார்த்தான். கெஸ்ட் அடிஷன்ஸுக்கு லைசென்ஸ் கட்டணமே கிடையாது, அது விர்ச்சுவல்பாக்ஸோடு இலவசமாக வருவது, மேலே டிவைசஸ் மெனுவில் கடைசியில் அதன் சிடியைப் போடுகிற வசதியே இருக்கிறது என்று காட்டினான். காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கும் கெஸ்ட் அடிஷன்ஸ் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை.

அப்டேட்டில் ஏன் போனது என்பதையும் கண்டுபிடித்தான். கெஸ்ட் அடிஷன்ஸின் மாட்யூல்களை (கெர்னலோடு சேர்ந்து ஓடும் துண்டுகளை) அந்தந்த கெர்னலுக்குத் தகுந்தாற்போல் கட்ட வேண்டும், அதற்கு ஹெட்டர் கோப்புகள் தேவை. கடைக்காரன் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த கெர்னலின் ஹெட்டரை மட்டும் போட்டிருக்கிறான். கெர்னல் மாறும்போதெல்லாம் கூடவே புது ஹெட்டரையும் இறக்கும் பொதுப் பேக்கேஜ் டெபியனில் இருக்கிறது, அதைப் போடவில்லை. அதைப் போட்டு வைத்துவிட்டால் அடுத்த கெர்னலுக்கு மாட்யூல் தானாகவே கட்டிக்கொள்ளுமாம். ஃபோல்டர் திறக்காததற்கு ஆன்டிவைரஸ் காரணமே இல்லை. பிள்ளைகள் உள்ளே நுழையும் யூசரை விபாக்ஸ்எஸ்எஃப் என்ற குரூப்பில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே வரிக் கட்டளை. லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே போனோம், ஃபோல்டர் திறந்தது. இதற்குத் தனியாக சார்ஜ் கேட்டிருக்கிறான்.

பில்லோடு கடைக்கே போனேன். அங்கே வேறு கதை. "நான் சொன்னது எக்ஸ்டென்ஷன் பேக் லைசென்ஸ் அண்ணாச்சி, நீங்க தப்பா வெளங்கிட்டீய." விர்ச்சுவல்பாக்ஸுக்குக் கூடுதல் வசதிகள் தரும் எக்ஸ்டென்ஷன் பேக் என்று தனியாக ஒன்று இருப்பது உண்மை, வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் அதற்கு லைசென்ஸ் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் எங்கள் பத்து சிஸ்டத்திலும் அதை யாரும் போடவே இல்லை. விர்ச்சுவல்பாக்ஸில் அதற்கான பட்டியலைத் திறந்தால் காலியாகக் கிடக்கிறது, படம் பிடித்து வைத்திருக்கிறேன். அதைக் காட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த கஸ்டமரிடம் பேச ஆரம்பித்துவிட்டான். அரைமணி நேரம் கவுன்டரில் நின்றேன். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்க ஆளில்லை.

என்னிடம் படிப்பவர்கள் பெரிய இடத்துப் பிள்ளைகள் இல்லை. அம்மா பீடி சுற்றி, தவணை தவணையாக ஃபீஸ் கட்டுகிற வீடுகள். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். அந்தப் பணத்தில் 12,000. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, ஏமாறாமல் இருக்க வழி சொல்வதாகச் சொன்னேன். விவரமாக எழுத இப்போது முடியவில்லை, கை நடுங்குகிறது. இவ்வளவு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கெஸ்ட் அடிஷன்ஸுக்கு லைசென்ஸ் என்று எவனாவது சொன்னால் அப்போதே வெளியே அனுப்புங்கள். விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதில் அதே மாதிரியான கேவிஎம் என்றால் கியூஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட், விஎம்வேர் என்றால் ஓப்பன் விஎம் டூல்ஸ், அவையும் இலவசம்தான். வேலை முடிந்ததும் கெர்னல் அப்டேட் போட்டு ரீபூட் செய்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள், எல்லா சிஸ்டத்திலும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பில் வாங்காமல் விடாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915. இந்தப் பதிவைப் போட்டதும் அங்கேதான் கூப்பிடப் போகிறேன். அதிலும் சரிவரவில்லையென்றால் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பில், ஜிபே ரசீது, படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதே மாதிரி பாளையங்கோட்டைப் பக்கம் 'கெஸ்ட் லைசென்ஸ்' பில் வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.