68,500 ரூபாய் போய்விட்டது: பழைய கார் வைத்திருக்கும் திருகோணமலை ஆட்கள் கவனம்

கை இன்னும் நடுங்குகிறது. நேற்றுப் பின்னேரம்தான் உண்மை தெரியவந்தது. என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

அப்பா விட்டுப்போன டொயோட்டா கரோலா 110 கார், 5ஏ-எஃப்இ இஞ்சின். ஓடும்போது குறையில்லை. அனுராதபுரச் சந்தியில் நிற்பாட்டினால் ஸ்டியரிங் உதறும், பெற்றோல் மணக்கும், சைலன்சர் வாய் கரியாக இருக்கும். நகரத்திலுள்ள ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன்.

பாஸ் பொனட்டைத் திறந்து, இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். அப்பாவும் அப்படித்தான் கேட்பார். அந்த இடத்தில்தான் நம்பிவிட்டேன். "தங்கச்சி, இஞ்சின் கம்ப்யூட்டர் அடிச்சுப் போச்சு. பெற்றோல் தெளிக்கிற நாலு இன்ஜெக்டரும் மாத்தணும். கொழும்பு பஞ்சிகாவத்தையில சொல்லி எடுப்பிக்கிறன்" என்றார். முற்பணம் 40,000, கார் எடுக்கும்போது 28,500. மொத்தம் 68,500. பில் கேட்டேன், பிறகு தருவதாகச் சொன்னார். பழைய சாமான் கேட்டேன், குப்பைக்குப் போய்விட்டதாம்.

ஐந்தாம் நாள் ஏ.சி. போட்டதும் அதே உதறல். "செட் ஆக ஒரு கிழமை எடுக்கும்." ஒரு கிழமை கழித்து, "பெற்றோல் சரியில்லை." அப்புறம் பாஸ் கந்தளாய் போய்விட்டாராம். இப்போது என் நம்பரைக் கண்டாலே போனைக் கட் பண்ணுகிறார்கள்.

நேற்றுச் சின்னமாமா வந்தார். இஞ்சினுக்குள் இருக்கும் வெற்றிடத்தை அளக்கும் சென்சருக்குப் போகும் பென்சில் தடிப்பு வக்யூம் ஹோஸை விரலால் வளைத்தார். முனையில் ரப்பர் உதடு பிரிந்த மாதிரி வெடித்திருந்தது. இந்த இஞ்சினில் அந்த ஹோஸ் காட்டும் வெற்றிடத்தை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெற்றோலை அளந்து விடுகிறது. அது வெடித்தால் வெற்றிடம் குறைவாகக் காட்டும். வண்டி பாரம் இழுக்கிறது என்று நினைத்துப் பெற்றோலைக் கொட்டும். உதறல், மணம், கரி எல்லாம் அதனால்தான். மாமா வெடித்த அரை அங்குலத்தை வெட்டிவிட்டு மீதியை இறுக்கிச் செருகினார். இஞ்சின் பூனை மாதிரி அடங்கியது. செலவு ஒரு சதமும் இல்லை!

பிறகு இன்ஜெக்டர்களைப் பார்த்தோம். மேலே உள்ள போல்டுகளில் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் அப்படியே இருக்கிறது, ஸ்பானரே படவில்லை. ஐடிலை, அதாவது வண்டி நிற்கும்போது இஞ்சின் ஓடும் வேகத்தை, மட்டும் ஏற்றிவிட்டு உதறலை மறைத்திருக்கிறார்கள். அதற்கு 68,500 ரூபாய்! என் இரண்டு மாதச் சீட்டுக் காசு.

சரி, விவரமாக எழுத இப்போது மனமில்லை. ஐடில் உதறினால் முதலில் ஹோஸ், பிளக், த்ரொட்டில் (இஞ்சினுக்குக் காற்றுப் போகும் வால்வு) அழுக்கு பாருங்கள். கம்ப்யூட்டர் என்று வாய் திறந்தால் இன்னொருவரிடம் காட்டுங்கள். பழைய சாமானைக் கையில் வாங்காமல் மீதிக் காசு கொடுக்காதீர்கள். பில்லும் கட்டாயம்.

வெட்டிய அரை அங்குலத் துண்டு என் கைப்பைக்குள் இருக்கிறது. நாளைக் காலை மாமாவோடு அந்தக் கராஜுக்குப் போகிறேன்.