கறுப்பாக இருப்பதெல்லாம் கவசம் அல்ல: பிளாஸ்மா கட்டிங் செய்பவர்கள் கவனத்துக்கு

கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டினம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். பிளாஸ்மா கட்டிங்குக்கான, அதாவது மின்வில்லின் கடுஞ்சூட்டில் உலோகத்தை வெட்டும் வேலைக்கான முகக் கவசம் என்று சொல்லி, வெறும் சாயம் ஏற்றிய பிளாஸ்டிக்கை விற்கிறார்கள். எங்கள் பட்டறைப் பையன் ஒருவன் அதனால் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

மாம்பழக்கூழ் ஆலைகளில் பருவம் தொடங்கும் முன் எவர்சில்வர் தொட்டிகளும் குழாய்களும் பழுது பார்க்க வந்து குவியும். அந்த நேரத்துக்காகக் கூடுதலாகச் சில கவசங்களும், புகைக்காக ஒரு பெட்டி முகமூடியும் வாங்கினேன். எங்கள் இயந்திரம் 100 ஆம்பியர். அதைச் சொல்லி, ஷேடு 8 வேண்டும் என்று கேட்டேன். ஷேடு என்பது கவசத்தின் கருமை எண்; எண் கூடக் கூட வெளிச்சத்தை அதிகம் தடுக்கும். கடைக்காரர் பில்லிலும் "ஷேடு 8" என்றே எழுதிக் கொடுத்தார். கவசத்தின் ஓரத்திலும் 8 என்று இருந்தது.

வேலை முடித்துப் போன பையனிடமிருந்து நள்ளிரவில் போன் வந்தது. "அண்ணா, கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல் இருக்கிறது, திறக்கவே முடியவில்லை" என்று அழுதான். அவன் வீட்டில் தாய்ப்பால் விடலாமா என்று கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று தடுத்து, விடிந்ததும் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். புற ஊதாக் கதிர் பட்டுக் கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது என்றார். இந்த வலி உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் கிளம்பும். மருந்துக் கடையில் மரத்துப்போகும் சொட்டு வாங்கி விட்டுக்கொள்ளக் கூடாது, புண் ஆறுவது தள்ளிப்போகும் என்றும் எச்சரித்தார். இரண்டு நாளில் கண் தெளிந்தது. கடவுள் புண்ணியம்.

திரும்பி வந்து அந்தக் கவசத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த 8, கண்ணாடி போன்ற மெல்லிய ஒட்டுக் காகிதத்தில் அச்சடித்தது. நகத்தால் கீறியதும் ஓரம் தூக்கியது; இழுத்தேன், முழுதாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் எண் இல்லை, தயாரிப்பாளர் பெயர் இல்லை, தரக் குறியீடு இல்லை. வாங்கிய எல்லாவற்றிலும் இதே கதை. நல்ல கவசத்தின் ஒளி வடிகட்டியில் ஷேடு எண்ணும் தயாரிப்பாளர் குறியும் அழியாதபடி பொறித்திருப்பார்கள், உரித்தெடுக்க முடியாது.

சாயம் போட்ட பிளாஸ்டிக், கவசம் இல்லாத வெறும் முகத்தைவிடக்கூட ஆபத்தாகலாம். வெளிச்சம் மங்கலாகத் தெரிவதால் கண்பாவை விரிகிறது. வேலை செய்பவரும் பயமின்றிக் கிட்டத்தில் குனிகிறார். ஆனால் புற ஊதாக் கதிரும் அகச்சிவப்புக் கதிரும் தடுக்கப்படுகின்றன என்பதற்கு அந்தச் சாயம் எந்த உத்தரவாதமும் தராது. அமெரிக்க வெல்டிங் தரநிலை பிளாஸ்மா கட்டிங்குக்கு 20 முதல் 40 ஆம்பியர் வரை ஷேடு 5, 40 முதல் 60 வரை 6, 60 முதல் 80 வரை 8 என்கிறது. அதற்கு மேல் 300 வரை குறைந்தது 8. 9 இருந்தால் நல்லது. வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ஷேடு 11ஐயே மாட்டினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். கண்ணுக்குப் பாதுகாப்புத்தான். ஆனால் வெட்டும் கோடு தெரியாமல் ஆட்கள் கவசத்தைத் தூக்கிவிட்டு வெட்டுவார்கள், அதைத்தான் நான் எல்லாப் பட்டறையிலும் பார்க்கிறேன்.

முகமூடிகளில் நடந்தது இன்னும் கொடுமை. மேலே "என்95" (நுண்துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும் வகை) என்று பெரிதாக அச்சு, முன்னால் ஒரு வால்வு. ஒன்றைக் கத்தரித்துப் பார்த்தால், வால்வுக்குப் பின்னால் ஓட்டையே இல்லை. சும்மா ஒரு பிளாஸ்டிக் மூடியைத் துணிமேல் ஒட்டியிருக்கிறார்கள்! காதில் மாட்டும் நாடா வேறு. அமெரிக்க அங்கீகாரம் பெற்ற உண்மையான என்95 தலையைச் சுற்றி மாட்டும் பட்டைகளோடுதான் வரும், டி.சி.-84ஏ என்று தொடங்கும் எண்ணும் அதில் இருக்கும். நம் நாட்டுத் தரநிலை ஐ.எஸ். 9473, அதன்படி எஃப்.எஃப்.பி.2, எஃப்.எஃப்.பி.3 என்று வகை போட்டிருக்கும். எவர்சில்வரை வெட்டும்போது வரும் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது, அது புற்றுநோய் தரும். வெல்டிங் புகையையே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருபவை பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்தப் புகைக்கு முன்னால்தான் ஒட்டுப் போட்ட மூடியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல முகமூடியும் தாடிமேல் சரியாகப் பொருந்தாது. ஓசோன், நைட்ரஜன் டை ஆக்ஸைடு வாயுக்களை அது தடுக்கவும் தடுக்காது. புகையை உறிஞ்சி வெளியேற்றும் வழியும் வேண்டும்.

கடைக்காரர் சொன்ன பதில்: "சார், எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள். பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்." பில்லைக் காட்டியபோது, மேலிடத்திலிருந்து வந்த சரக்கு, தனக்குத் தெரியாது என்றார். பணம் தரவில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். தொழிலுக்கு வாங்கினால் வழக்குப் போட முடியாது என்று கடைக்காரர் மிரட்டிப் பார்த்தார். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் பொருள் வாங்குபவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது, எனவே உங்கள் நிலைமை எதில் வரும் என்று கேட்டறிந்து, தயங்காமல் போங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டிருந்தால் அதன் கீழுள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் கடையிலேயே தட்டிப் பாருங்கள். நீங்கள் ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டிருக்கும் கவசத்தின் எண்ணை இன்றே நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பாருங்கள். உரிந்து வந்தால், கவசத்தையும் பில்லையும் தூக்கி எறியாமல் பத்திரமாக எடுத்து வையுங்கள், புகாருக்கு அதுதான் சாட்சி.