41,500 ரூபாய் போச்சு: இன்ஜின் வேலைக்கு வண்டி விடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

நேற்று மத்தியானம் பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடுவில் என் ஆம்னி வேன் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. புது ரயில் தூக்குப் பாலத்தை வேடிக்கை பார்க்க இறங்கிய ஒரு குடும்பம், நானும் அதற்குத்தான் நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்து என் கையிலேயே போனைக் கொடுத்து போட்டோ எடுக்கச் சொன்னது. எடுத்தும் கொடுத்தேன். இன்ஜின் வேலை முடித்து வாங்கி 40 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். கொடுத்தது 41,500 ரூபாய்.

பட்டறை பேர் சொல்லப்போவதில்லை. ராமநாதபுரம் பக்கம், டைல்ஸ் ஒட்டின தரை, கண்ணாடி ரூம் எல்லாம் வைத்த பெரிய இடம். எங்கள் ஊரில் வேப்பமரத்தடியில் வேலை பார்க்கும் அண்ணனை விட்டுவிட்டு அங்கே போனேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

வேலை நடக்கும்போது கூப்பிட்டுக் காட்டினார்கள். லேத்தில் கடைந்து வந்த கிராங்கின் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) மேல் என் விரலைப் பிடித்து வைத்துத் தேய்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கா அண்ணே?" என்றார் மேஸ்திரி. நான் விழுந்தது அங்கேதான். "ஆயில் பிரைமிங் முறையாப் பண்ணித்தான் ஸ்டார்ட் பண்ணுவோம்" என்றும் சொன்னார். பில்லில் அதற்குத் தனியாக 750 போட்டிருக்கிறது.

பிரைமிங் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கழற்றிப் பூட்டின இன்ஜினில் பம்ப், ஃபில்டர், ஆயில் போகிற துவாரம் எல்லாம் காலியாகக் கிடக்கும். சேம்பரில் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஆயில் ஊற்றினால் மட்டும் அது மேலே ஏறாது. ஃபில்டரில் ஆயில் விட்டு மாட்டி, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு செல்ஃபை விட்டுவிட்டு அடிக்க வேண்டும். கம்ப்ரஷன் இல்லாததால் கிராங்க் உட்காரும் பேரிங் மேல் பாரம் விழாது. டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் இல்லை என்று எச்சரிக்கும் ஆயில் லைட் அணைந்த பிறகுதான் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்வது. கிராங்க் சுற்றுவதே ஆயில் படலத்தின் மேல்தான். அது இல்லாமல் உறுமவிட்டால் பேரிங் உராய்ந்து போய்விடும்.

டெலிவரி அன்று என் கண் முன்னாலேயே பையன் ஃபில்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காய்ந்தபடியே மாட்டினான். மூன்று பிளக்கும் ஏற்கெனவே மாட்டியிருந்தது. நேரே செல்ஃப், பிடித்ததும் ஆக்சிலேட்டரை ஒரே மிதி. ஆயில் லைட் சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது.

"என்ன தம்பி, லைட் அணையலையே?"

"புது வேலை அண்ணே, ஆயில் ஏற நேரம் எடுக்கும். ஒரு டீ சாப்பிட்டு வாங்க."

டீ குடித்துவிட்டு வந்தேன். லைட் அணைந்திருந்தது. திருப்தியாக 41,500ஐ எண்ணிக் கொடுத்தேன்.

உச்சிப்புளி தாண்டும்போதே சீட்டுக்கு அடியில் டக் டக். போன் போட்டேன். "செட் ஆயிடும், ஓட்டுங்க." மண்டபத்தில் சத்தம் பெரிதானது. "மெதுவாப் போங்க." பாலத்தில் நின்ற பிறகு பேச்சே மாறிவிட்டது. பெட்ரோல் எங்கே போட்டீர்கள் என்றார்கள். அப்புறம் முதலாளி மதுரைக்குப் போயிருக்கிறார். சாயங்காலம், "கேரண்டி சாமானுக்குத்தான், வேலைக்குக் கிடையாது." அதோடு போனை எடுப்பதில்லை.

கயிறு கட்டி இழுத்து வந்து, இன்று காலை வேப்பமரத்தடியில் பிரித்தோம். அந்த லைட்டை எரியவைக்கும் ஆயில் சுவிட்சிலிருந்து ஒயரைப் பிடுங்கி, முனையில் கறுப்பு டேப் சுற்றி, ஓரமாகச் செருகி வைத்திருக்கிறார்கள்! ஆயில் ஏறி அணைந்த லைட் இல்லை அது, ஒயர் இல்லாமல் எரியவே முடியாத லைட். சேம்பரை இறக்கினால் ஆயில் முழுக்க பேரிங் தேய்ந்த உலோகத் தூளின் மினுமினுப்பு. அதே கிராங்கில் இப்போது நகத்தை வைத்தால் மாட்டுகிறது.

"சாவி போட்டப்பவாவது லைட் எரிஞ்சுச்சான்னு பாக்கலையா?" என்று அண்ணன் கேட்டார். பார்க்கவில்லை.

விவரமாக யோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்டார்ட்டின்போது டீ குடிக்கப் போகாதீர்கள், நின்று வீடியோ எடுங்கள். ஸ்டார்ட் பண்ணும் முன் சாவி போட்டதும் ஆயில் லைட் எரிய வேண்டும். எரியாவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். ஓடும்போது அணையாவிட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். டக் டக் கேட்டபின் ஓட்டாதீர்கள், நான் ஓட்டினேன்.

பில்லும் ஒயர் போட்டோவும் பத்திரமாக இருக்கிறது. 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் இல்லையாம், திங்கட்கிழமை ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். பஸ்ஸில்தான்.